ஃபிரிடன் எஸ்டிடபிள்யூ-10: பிளக் செருகுவதற்கு முன் ஆறு வாரம்

மேசையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஃபிரிடன் நேற்று ராத்திரி 22-ஐ 7-ஆல் வகுத்துக் காட்டியது. நடுவில் பட்ட பாட்டை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

1950களில் அலுவலகங்களில் புழங்கிய மின் கணக்குப் பொறி இது. உள்ளே டிரான்சிஸ்டர் இல்லை, வால்வும் இல்லை. ஒரே ஒரு மோட்டார், மிச்சமெல்லாம் இரும்பு. எண்களுக்குப் பத்து வரிசை, வரிசைக்கு 1 முதல் 9 வரை, ஆக எண் பொத்தான்கள் மட்டும் 90. பெருக்கலுக்கென்று இடப்பக்கம் தனியாகச் சின்னப் பொத்தான் தொகுதி ஒன்று. கூட்டுகிற வேலையைச் செய்வது படிப்படியாக நீளம் குறையும் ஒன்பது பற்கள் கொண்ட உருளை, 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை லைப்னிட்ஸ் யோசித்த அதே உருளை. 8-ஐ அழுத்தினால் ஒரு சிறு சக்கரம் நகர்ந்து, எட்டுப் பற்கள் மட்டும் தொடும் இடத்தில் போய் நிற்கும். உருளை ஒரு சுற்று சுற்றினால் விடையைக் காட்டும் டயல் எட்டு இடம் நகரும். கணக்கு அவ்வளவுதான்.

கொடுத்தவர் "மோட்டார் போச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார். இதுவரை நான் திறந்த மூன்று பொறிகளுக்கும் இதையேதான் சொன்னார்கள், மூன்றிலும் மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. இதிலும் அப்படியே. குற்றவாளி கிரீஸ். பல வருடம் சும்மா கிடந்ததில் காய்ந்து, பிசினாகி, பழுப்பு வார்னிஷ் மாதிரி இறுகிப்போயிருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி வருவதில்லை. டயல்களைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நகர வேண்டிய மேல்பகுதி, அதாவது கேரேஜ் (carriage), நகரவே இல்லை.

இந்த நிலையில் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். இறுகிக் கிடக்கும் பொறியை மோட்டார் தள்ளப் பார்க்கும். ஒன்று, நெம்புகோல் எதாவது வளையும். இல்லையென்றால் சுற்ற முடியாத மோட்டார் சூடேறிக் கருகும். கையால் ஒரு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால்தான் மின்சாரம் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன்.

முதல் இரண்டு வாரமும் சுத்தம் செய்வதிலேயே போயின. மேல்மூடி, பக்கத் தகடுகள், மோட்டார் எல்லாம் கழன்றன. ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் முன்னால் ஒரு போட்டோ. எண்ணெய் ஸ்பிரே அடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். என் முதல் பொறிக்கு அப்படித்தான் செய்தேன், இரண்டு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொண்டது. ஸ்பிரே பழைய பிசினைக் கரைத்து இன்னும் ஆழமாக இழுத்துக்கொண்டு போய் உட்காரவைக்கும், அவ்வளவுதான். இந்த முறை பெயின்ட் கரைப்பான், தூரிகை, ஹேர் டிரையர். மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் சூடு காட்டி, விரலால் இருபது முப்பது தடவை ஆட்டி, வெளியே வரும் பழுப்பைத் துணியில் ஒற்றி, மறுபடி ஒரு சொட்டு. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஹேர் டிரையரை எடுப்பதற்கு முன் கரைப்பான் டப்பாவை மூடித் தள்ளி வைக்க வேண்டும். கரைப்பான் முழுக்க ஆவியான பிறகு, தேய்கிற இடங்களில் மட்டும் மெல்லிய தையல் மிஷின் எண்ணெய். மற்றதெல்லாம் காய்ந்தபடியே இருக்கட்டும்.

மூன்றாம் வாரம் ஒரு ஸ்பிரிங் பறந்தது. காந்தத்தை வைத்துத் தரையை முழுக்கத் துழாவியும் அகப்படவில்லை. இரண்டு நாள் கழித்து என் சட்டைக் காலருக்குள் இருந்தது.

மின்சாரப் பகுதி பெரிய வேலையில்லை. பழைய ரப்பர் உறை தொட்டாலே உதிர்ந்ததால் மின்கம்பியை மாற்றி, எர்த்துக்கு மூன்றாவது கம்பி ஒன்றும் சேர்த்தேன். பொறி 115 வோல்ட்டுக்கானது, அதனால் இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர். தீப்பொறி அடக்கும் காகிதக் கெப்பாசிட்டரைச் சோதிக்கக்கூட இல்லை, நேராக வெட்டி எறிந்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் நேரடியாகப் போடுவதற்கென்றே செய்த எக்ஸ்2 வகை புதியது போட்டேன். அந்தக் காலக் காகிதக் கெப்பாசிட்டரில் மின்கசிவு சகஜம். மோட்டாரைத் தனியாக வைத்து, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து ஓட்டினேன். ஷார்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும். அரைகுறையாகச் சிவந்தது, மோட்டார் சோம்பலாகச் சுற்றியது. சரி.

நான்காம் வாரம் எல்லாவற்றையும் பூட்டிக் கையால் சுற்றியதில் 2-உம் 3-உம் 5 ஆனது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே மூடியிருப்பேன். ஆனால் சின்னக் கூட்டல்கள் ஒன்றையும் நிரூபிப்பதில்லை, ஏனென்றால் அவற்றில் 'கையில் ஒன்று' எடுத்துப் போகும் வேலையே இல்லை. உண்மையான சோதனை, பத்து வரிசையிலும் 9 போட்டு அதோடு 1 கூட்டுவது. 10000000000 வர வேண்டும். எனக்கு வந்தது 9999000000.

அந்த எண்ணே பழுதின் இடத்தைச் சொல்லிவிட்டது. வலமிருந்து ஆறு டயல்கள் ஒழுங்காக 0-க்கு வந்திருக்கின்றன, ஆறாவதிலிருந்து ஏழாவதுக்கு ஒன்று போய்ச் சேரவில்லை. ஒரு டயல் 9-லிருந்து 0-க்குத் தாண்டும்போது சின்ன நெம்புகோல் ஒன்றைத் தட்டிவிடும். அது அடுத்த டயலை ஒரு பல் தள்ளுவதற்கான ஏற்பாடு. ஆறாவதின் நெம்புகோல் தட்டுப்பட்டாலும் பாதியிலேயே நின்றது. அடியில் நகக்கணு அளவுக்குக்கூட இல்லாத பிசின். அதை எட்டுவதற்குக் கேரேஜை மறுபடி கழற்ற வேண்டும், ஐந்தாம் வாரம் முழுக்க அதற்கே போனது.

இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கா அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இம்மாதிரிப் பொறிகள் பழுதானபோது இயற்பியலாளர்கள் ஃபெயின்மனும் மெட்ரோபோலிஸும் தாங்களே திறந்து சரிசெய்தார்கள். வெட்டி வேலை என்று அவர்களுடைய பிரிவுத் தலைவர் பெத்தே தடுத்தார். கொஞ்ச நாளில் ஓடுகிற பொறிகள் குறைந்துபோகவே, சரி, செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். ஐந்தாம் வாரத்தில் அவர்களை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

நேற்று, கையால் சோதித்தபோது பத்து 9-உம் பூஜ்யமாகி முன்னால் 1 வந்தது. பிளக்கைச் செருகினேன். அமைதி. அது நல்ல அறிகுறி, இதில் வேலை கொடுத்தால்தான் மோட்டார் ஓடும். கூட்டல் பட்டையை அழுத்தினேன், ஒரு 'கடக்', முடிந்தது. 12345679-ஐ 9-ஆல் பெருக்கினேன், ஒன்பது 1 வரிசையாக நின்றன.

வகுத்தலுக்கு முன் அதை நிறுத்தும் நெம்புகோல் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் இந்தப் பொறிக்கு நிறுத்தத் தெரியாது, கழித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் 22, 7. இது வகுப்பது கழித்தல் மூலம்தான். கழித்துக்கொண்டே போய், ஒரு தடவை அதிகமாகிவிட்டால் ஒருமுறை திருப்பிக் கூட்டி, கேரேஜை ஒரு இடம் நகர்த்தும். அதனால் விடை காதிலேயே கேட்கிறது. நான்கு தட்டு, எதிர்த் தட்டு ஒன்று, நகர்வு: 3. இரண்டு தட்டு, எதிர்த் தட்டு, நகர்வு: 1. ஐந்து, எதிர், நகர்வு: 4. எட்டு வந்த இடத்தில் ஒன்பது தட்டை எண்ணினேன், ஐந்துக்கு ஆறு. டயலைப் பார்த்தால் 3142857.

மூன்றாவது வரிசையின் 8 மட்டும் இன்னும் சில சமயம் அழுத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மறுபடி மேல்மூடியைக் கழற்ற வேண்டும். அடுத்த வாரம்.