அப்பாவின் காது மெஷின்: மழைக்காலக் குறிப்புகள்

அக்டோபர் 16, 2024, புதன்

பருவமழை தொடங்கிவிட்டதாக நேற்று அறிவித்துவிட்டார்கள். இனி மார்கழி வரைக்கும் அப்பாவின் காது மெஷினோடு எனக்கு மல்லுக்கட்டுதான். மயிலாடுதுறையில் இந்த மாதங்களில் துவைத்த துணியே காய்வதில்லை. காதுக்குப் பின்னால் வியர்வையில் ஊறிக் கிடக்கிற மெஷின் எப்படிக் காயும்?

காலையில் போட்டதும் நன்றாகத்தான் கேட்கிறது. வெயில் ஏற ஏற வலது பக்கம் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. "என்னம்மா, பேச்சைப் பாதியிலயே முழுங்குற?" என்கிறார். கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெஷினிலிருந்து காதுக்குச் சத்தம் கொண்டுபோகிற ட்யூபின் வளைவில் கடுகளவு தண்ணீர்ச் சொட்டு. சத்தம் போகிற வழியை அடைக்க அது போதும். காதுக்குள் உட்காருகிற அச்சை, அதாவது மோல்டை, ட்யூபோடு சேர்த்து மெஷினின் கொக்கியிலிருந்து உருவி, ரப்பர் பம்பை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சொட்டு வெளியே தெறித்துவிடும். வாயால் ஊதிப் பிரயோஜனம் இல்லை, மூச்சிலேயே ஈரம் இருக்கிறதே.

அக்டோபர் 19, சனி

நேற்று ராத்திரி படுக்கிற வரைக்கும் விசில். அப்பாவுக்குக் கேட்காது, எங்களுக்குத்தான் கேட்கும். காதுக்குள் போக வேண்டிய சத்தம் ஏதோ இடுக்கு வழியாகக் கசிந்து மறுபடி மெஷினின் மைக்குக்கே போய்ச் சேருவதால் வருகிற கூச்சல் அது. மோல்டு சரியாக உட்காராவிட்டாலும் வரும், காதில் குறும்பி அடைத்திருந்தாலும் வரும், ட்யூப் கீறியிருந்தாலும் வரும்.

வாங்கின கடைக்கு போன் செய்தால், "மெஷின் பழசாயிடுச்சு மேடம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டு கேட்கும் திறனைச் சோதிக்கிற ஒரு ஆடியாலஜிஸ்டிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண் மெஷினைத் தொடவே இல்லை. முதலில் டார்ச் அடித்துக் காதைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அப்புறம் ட்யூபை விரலால் வளைத்துக் காட்டினாள். மஞ்சளடித்து, விறைத்து, மோல்டோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். பழையதை இழுத்து எறிந்துவிட்டுப் புது ட்யூபைக் கோத்து அளவு பார்த்து வெட்டினாள். விசில் போச்சு. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ட்யூப் மாற்ற வேண்டும் என்று விற்கும்போது ஏன் ஒருவரும் சொல்வதில்லை? இத்தனை விலைக்கு விற்கிறவர்கள் இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது.

அக்டோபர் 24, வியாழன்

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த சோதனையைத் தினமும் காபி நேரத்தில் செய்கிறோம். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை வரிசை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த டேனியல் லிங் என்பவர் வகுத்தது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சுக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஆறுக்குள் வந்துவிடுகிறது. முகத்தைப் பார்க்கவிட்டால் உதட்டைப் படித்துவிடுவார், அதனால்தான் பின்னால் நிற்பது.

இன்று ஆ, ஊ, ம் மூன்றும் பட்டுப் பட்டென்று வந்தன. ஸ் சொன்னேன், பதில் இல்லை. மறுபடி சொன்னேன். "சொல்லேம்மா, காபி ஆறுது" என்கிறார். இடது மோல்டின் துளையில் பழுப்பாகக் குறும்பி. கொடுத்திருந்த வளையக் கம்பியால் சுரண்டி எடுத்துப் போட்டதும் ஸ், ஷ் இரண்டும் திரும்பிவிட்டன. மோல்டின் துளைக்கு மட்டும்தான் அந்தக் கம்பி. காதுக்குள் கம்பியும் கூடாது, பட்ஸும் கூடாது.

அக்டோபர் 31, தீபாவளி

எண்ணெய் ஸ்நானம். காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடாவிட்டால் அப்பாவுக்கு அது குளியலே இல்லை. வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "உங்க டாக்டருக்கு வயசென்ன?" என்றார். கடைசியில் தலைக்கு மட்டும் என்று சமாதானம் ஆச்சு. முடியில் வழிகிற எண்ணெய் மெஷினின் மைக் ஓட்டையில் இறங்கினால் அதோடு சரி. தலை நன்றாகத் துவட்டி, காதோரம் உலர்ந்த பிறகுதான் மாட்டிவிட்டேன்.

பிள்ளைகள் வெடி வைத்தபோது கழற்றி டப்பாவில் வைக்கச் சொன்னேன். சத்தத்துக்கு வரம்பு மெஷினுக்குள்ளேயே உண்டு, இருந்தாலும் பக்கத்திலேயே வெடிக்கும்போது எதற்கு? மெஷின் இல்லாமலே அணுகுண்டு கேட்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நவம்பர் 10, ஞாயிறு

எதிர்வீட்டு மாமி தன் மெஷினைக் கொண்டுவந்தார். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்தது, அலமாரியில் தூங்குகிறது. பேட்டரி உள்ளேயே இருந்து கசிந்து, முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஈரம் போகட்டும் என்று யாரோ சொல்லி அரிசி டப்பாவில் வேறு புதைத்து வைத்திருக்கிறார். தவிட்டுத் தூள் மைக் ஓட்டை முழுக்க. எடுத்துக்கொண்டு போய்ச் சர்வீசுக்குக் கொடுங்கள் மாமி என்றேன்.

எங்கள் வீட்டில் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் சிலிக்கா ஜெல் மணிகள். ராத்திரி பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடியே மெஷினை உள்ளே வைப்போம். பேட்டரி டப்பாவுக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த ஜிங்க் ஏர் பேட்டரி வறண்ட இடத்தில் சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும். நீலமாக இருந்த மணிகள் இப்போது இளஞ்சிவப்பு. வறுத்தால் மறுபடி நீலமாகும் என்று போட்டிருக்கிறது. சமையல் வாணலியில் அதை வறுக்க எனக்கு மனமில்லை, புதுசு வாங்கிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தங்கையின் சின்னது வந்திருக்கிறது, எதைக் கண்டாலும் வாயில் போடுகிற வயது. பேட்டரி அட்டை பீரோவுக்குள் போய்ப் பூட்டியாச்சு. பழைய பேட்டரியும் கீழே கிடக்கக் கூடாது. ஒன்றை முழுங்கிவிட்டால் வெளியே வரும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறது என்கிறார்கள். இங்கே நாலைந்து நாளாகவே மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போன வருஷம் எல்லோரும் சார்ஜ் போடுகிற மெஷின்தான் வசதி என்றார்கள். அப்பாவுக்கு அந்தச் சின்ன பேட்டரியை மாற்றக் கை நடுங்குகிறது, அது உண்மைதான். ஆனால் கடலோர மாவட்டத்தில், புயல் மாதத்தில், கரண்டை நம்பிக் காதை வைக்க முடியாது என்று நான்தான் பேட்டரி வகையே போதும் என்றேன். இன்று டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் புயல் எங்கே வந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்பவர் அவர்தான்.

சாயங்காலம் பேட்டரி தீரப்போகிற டுட் டுட் சத்தம் கேட்டதாகச் சொன்னார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் புதுசை எடுத்து ஸ்டிக்கரை உரித்தேன். உரித்த கையோடு போடக் கூடாது. பின்பக்கத்துச் சின்னத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் உயிர் வரும், சில நிமிஷம் வெளியே விட வேண்டும். அதற்குள் அப்பா, "இன்னுமா?"

டிசம்பர் 3, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. இரண்டு மோல்டையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டு அலசி, ரப்பர் பம்பால் ஊதித் துணிமேல் வைத்தேன், நிழலில்தான். மெஷினுக்கு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவே. மறுபடி மாட்டும்போது சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது.

13ஆம் நம்பர் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர், ஒரு அட்டைதான் பாக்கி. நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போகும்போது தேதி பார்த்து வாங்கணும்.