வளவில் நிற்கும் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டும். அண்டா, கிடாரம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பிடிப்போம். "மழைத் தண்ணியில பருப்பு பூவா வேகும் ஆத்தா" என்பார் அப்பத்தா.

போன வருஷம் மகனுக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததும் நேராக வளவுக் கல்தொட்டிக்குத்தான் போனேன். என் நிழல் பட்டதும் கொசுப் புழுக்கள் துள்ளித் துள்ளி அடிக்குப் போயின. அசையாமல் நின்றேன். ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் குழாயை நீர்மட்டத்தில் நீட்டித் தலைகீழாகத் தொங்கின. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம்.

நம் வீட்டைத் தேய்த்துவிடலாம், சரி. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறதே? சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். அங்கேயும் வளவு உண்டு, தொட்டி உண்டு. பிடிஐ (Bti) என்ற பாக்டீரியா மருந்து போடலாம். புழு அதைத் தின்றால் குடல் கிழிந்து சாகும், நமக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சில வாரங்களில் வீரியம் போய்விடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அதனால்தான் சீனாவின் யுன்னானிலிருந்து 2024இல் வந்த ஆய்வு மனதில் ஒட்டிக்கொண்டது. டெங்கு குறைவான பகுதிக் கொசுக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் குடலில் ரோசன்பெர்ஜியெல்லா என்ற பாக்டீரியா இருந்தது. டெங்கு மிகுந்த பகுதியில் 7 சதவீதத்துக்கும் கீழே. கொசு இரத்தம் குடித்ததும் அந்த பாக்டீரியா ஒரு நொதியைச் சுரந்து குடலைப் புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பில் வைரஸின் மேலுறை உருக்குலைந்து, செல்லுக்குள் நுழைய முடியாமல் போகிறது. கொசு சாவதில்லை, நோயைத்தான் கடத்த முடிவதில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, புழுவாக இருக்கும்போது குடலில் புகுந்த பாக்டீரியா, சிறகு முளைத்துப் பறக்கும்போதும் கூடவே போகிறது. அப்படியானால் தொட்டித் தண்ணீரே மருந்தாகலாம். நம் ஊர்த் தொட்டிகளிலும் அப்படி ஏதாவது ஏற்கெனவே இருக்குமோ? யாராவது வந்து ஒரு குவளை மொண்டு பார்க்க வேண்டும்.

அது வரும்போது வரட்டும். பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாவி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். வாளியும் தேங்காய் நாரும் முகப்பிலேயே எடுத்து வைத்துவிட்டேன்.