கரண்ட் வார்டிலிருந்து ஊசி அறைக்கு

பதிவேட்டில் அதன் பெயர் கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவு. நோயாளிகள் சொல்வது கரண்ட் வார்டு. 'எத்தனை கரண்ட் ஆச்சு?' என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். செவிலியராக என் முதல் ஆறு வருடங்கள் அங்கேதான் கழிந்தன. பெண்கள் பகுதியில் எந்த நாளில் நுழைந்தாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு நாலைந்து பேராவது படுத்திருப்பார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் பட்டதை உடம்புச் சூடு என்று நினைத்து, இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுக் கொண்டே ஒரு வருடத்தை ஓட்டியிருப்பார்கள்.

அவர்களில் ஒரு அக்காவை இன்னும் மறக்க முடியவில்லை. ஜன்னல் ஓரக் கட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். காற்றுக்காக என்று நினைத்தேன், வாடைக்காக என்று பிறகுதான் புரிந்தது. இந்த நோயில் வரும் வெள்ளைப்படுதலின் வாடை எப்படிப்பட்டது என்று அந்த வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, துணிகளைத் துவைத்து, மற்றவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கச் சுவரில் காயப்போடுவார். சனிக்கிழமைகளில் மகள் வருவாள், எட்டாம் வகுப்பு, பள்ளிச் சீருடையோடு. அவளை உள்ளே விடமாட்டார். சலைன் இறங்காத நேரமாகப் பார்த்து, மெல்ல நடந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவார். அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை.

இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி அப்போதே சந்தையில் இருந்தது. நானும் படித்திருந்தேன். ஆனாலும் பதிமூன்று வயதில் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி அவள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நோயைப் பார்ப்பவர்கள் ஒரு கட்டிடத்தில், ஊசி போடுபவர்கள் வேறொரு கட்டிடத்தில் என்று நாங்கள் பிரிந்து கிடந்தோம்.

அப்புறம் வேறொரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு வந்தேன். ஊசி அறை. இங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம் ஒரு தாயிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வயது மகளோடு வந்திருந்தார். மருத்துவர் ஊசியைப் பரிந்துரைத்திருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், இது கர்ப்பப்பைக்குப் போடற ஊசியாமே. வயசுக்கே வராத பிள்ளைக்கு இப்பவே எதுக்கு?"

நான் சொல்லியிருக்க வேண்டும். பெண் பக்கத்திலேயே நின்றதால் கூச்சம். "டாக்டர் எழுதியிருக்கார்ல, போட்டா நல்லதுதாம்மா" என்று மழுப்பினேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றும் கடினமானதல்ல. இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுவது. தப்பு செய்தவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தவர்களுக்கும் வரும். அநேகம் பேரிடம் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் தங்கிவிட்டால், பல வருடம் கழித்துப் புற்றாக மாறக்கூடும். உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது, வராமல்தான் தடுக்க முடியும். அதனால்தான் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் போடுவது. அந்த வயதில் உடம்பு எதிர்ப்புப் பொருளை நன்றாகவே உண்டாக்குகிறது. 'வைரஸையேவா ஏத்தறீங்க?' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் தேங்காய்ச் சிரட்டை. ஊசியில் இருப்பது வைரஸின் மேலோடு மட்டும், உள்ளே பருப்பு இல்லை, முளைக்காது.

இதையெல்லாம் தடுமாறாமல் சொல்ல நானே உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. சுவீடனில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வு: 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. அதற்கு மேல் போட்டவர்களிடம் 53 சதவீதம்தான். இங்கிலாந்தின் 2021 கணக்கு இன்னும் தெளிவு. 12, 13 வயதில் ஊசி கிடைத்த தலைமுறையில் 87 சதவீதம் குறைந்தது. 14லிருந்து 16க்குள் கிடைத்தவர்களிடம் 62, அதற்கும் பிந்தியவர்களிடம் 34. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுதாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று வந்ததாகப் பதிவு இல்லை என்று 2024இல் வந்த செய்தியைப் படித்த இரவு, ஜன்னல் ஓரக் கட்டில் நினைவுக்கு வந்து வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரர் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கதையைச் சொல்வேன். 2009இல் இந்தியாவில் பல இடங்களில் 10 முதல் 18 வயதுப் பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். இரண்டு டோஸா, மூன்று டோஸா என்று ஒப்பிடுவதுதான் நோக்கம். அந்தச் சமயத்தில் ஆந்திரா, குஜராத்தில் இதே எச்.பி.வி. ஊசியைப் போட்ட வேறொரு திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி பரவியது. ஊசிக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆனால் 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்கள்தான் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அவை உடம்பில் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு டோஸின் பலன் 95 சதவீதத்தை ஒட்டி வந்தது. மூன்று டோஸுக்கும் ஏறக்குறைய அதேதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம், இந்த வயதில் ஒரு டோஸே போதும் என்று ஏற்றுக்கொள்ள இந்தப் பெண்களும் ஒரு காரணம். நம் ஊர்ப் பிள்ளைகள் நீட்டிய கைகள் அவை. எனக்கு இதில் பெருமை உண்டு.

எங்கள் மருத்துவமனையில் இன்னும் 14 வயது வரை இரண்டு டோஸ், ஆறு மாத இடைவெளியில். 15 ஆகிவிட்டால் மூன்று. போட்டதும் கால் மணி நேரம் உட்கார வைக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் பயத்திலேயே மயங்கிச் சாய்வதுண்டு. வெறும் வயிற்றோடு வந்தால் முதலில் பிஸ்கட் தருகிறேன். தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் அந்தத் தாய் திரும்ப வந்தார். எனக்கு முகம் மறக்கவில்லை. பத்து வயதில் இளைய மகள், கூடவே மூத்தவளும். மூத்தவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு இரண்டு, பெரியவளுக்கு மூன்று என்றதும், "அன்னைக்கே போட்டிருந்தா இவளுக்கும் ரெண்டுதானே சிஸ்டர்?" என்றார். ஆமாம்மா என்றேன். அன்று நான் சரியாகச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பிள்ளைகளை ஓரமாக அனுப்பாமல், அவர்கள் முன்னாலேயே இந்த முறை எல்லாவற்றையும் விளக்கினேன். பெரியவள்தான் கேள்வி கேட்டாள்: "அப்போ அம்மாவுக்கு?"

ஊசி போட்டவர்களுக்கும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை வேண்டும், போடாத அம்மாவுக்கு அது இன்னும் முக்கியம் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, காசு கிடையாது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெரியவள் என்னிடம் பேனாவை வாங்கி, தன் ஊசி அட்டையின் பின்பக்கத்தில் 'அம்மா, பி.எச்.சி., புதன்' என்று எழுதிக்கொண்டாள்.