வளவுக்கு வந்த பெரியவர்

நாய்க் காப்பகத்தில் குட்டிகளெல்லாம் கம்பியில் ஏறிக் குதிக்க, இவர் மட்டும் மூலையில் படுத்தபடி வாலை ரெண்டு தட்டு தட்டினார். பத்து வயதாம். சரி, இவர்தான் என்று அழைத்து வந்துவிட்டேன்.

காரைக்குடி வீட்டில் முதல் சிக்கல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். நாங்கள் பெருமையாகத் துடைத்து வைத்திருக்கும் அந்த வழவழப்பில் அவருக்குப் பின்னங்கால் ரெண்டும் விலகி விலகிப் போனது. வயதான மூட்டு, பாவம். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்) வரை கோரைப்பாயும் சாக்குமாக விரித்தேன். இப்போது பாயை விட்டு ஓர் அடி இறங்குவதில்லை.

கண்ணில் நீலம் படர்ந்திருந்தது. புரையோ என்று பயந்தேன். வயதானால் லென்ஸ் கெட்டிப்பட்டு அப்படித் தெரியும், பார்வை பெரிதாகக் கெடாது என்றார் டாக்டர்.

“வீட்டுக்குள்ள நாயா?” என்று முகத்தைத் திருப்பிய அப்பத்தா, மூன்றாம் நாள் கோழிக்குழம்புச் சோற்றோடு நிற்கிறார். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுவையே அழித்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். (சின்ன வெங்காயம் இல்லாமல் இந்த ஊரில் என்ன சமைப்பது?)

இப்போது தனி அடுப்பில் உப்பில்லாமல் கோழி வேகிறது. எனக்குக் காப்பி வரும் முன்னே கேள்வி வருகிறது: “அவுக சாப்பிட்டாகளா?”