வலி இல்லன்னா பாக்க வேணாமா?

போன வாரம் அத்தைக்கு பிபி மாத்திரை வாங்க எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். மாத்திரைய கையில குடுத்துட்டு நர்ஸம்மா, 'முப்பது வயசு தாண்டுனவங்க எல்லாருக்கும் மார்பு பாக்கணும், மாமியார் மருமக ரெண்டு பேரும் உள்ள வாங்க'ன்னாங்க. அத்தை உடனே பைய தூக்கிட்டாங்க, 'எனக்குத்தான் வலியே இல்லையேம்மா'ன்னு.

இதையேதான் எங்க சித்தியும் சொன்னாங்க. குளிக்கும்போது மார்புல நெல்லிக்கா சைசுல ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு, வலிக்கலயேன்னு ஒரு வருஷம் யார்கிட்டயும் மூச்சு விடல, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அக்குள் வரைக்கும் பரவியாச்சு. மார்பகப் புத்துநோய் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுங்கிறது எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியல.

மார்ப எக்ஸ்ரே எடுக்குற மேமோகிராம் மெஷின் இருந்தாதான் டெஸ்ட்டுன்னு நானும் நெனச்சிட்டிருந்தேன். மும்பைல டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரங்க 1998ல ஆரம்பிச்சு இருபது வருஷம் ஒரு ஆய்வு நடத்தியிருக்காங்க, குடிசைப்பகுதில 35லேருந்து 64 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சம் பொம்பளைங்க, அதுல பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கையால தடவிப் பாத்தாங்க, பாத்தது டாக்டர்கூட இல்ல, ட்ரெய்னிங் எடுத்த சுகாதாரப் பணியாளர் பொண்ணுங்க. 2021ல ரிசல்ட் வந்துச்சு, அம்பது வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல மார்பகப் புத்துநோய்ச் சாவு, அப்படிப் பாக்காத மீதிப் பாதியவிட கிட்டத்தட்ட 30 சதவீதம் கம்மி. அம்பதுக்குக் கீழ அப்படி குறையல, அதையும் சொல்லிடணும், ஆனா மொத்தத்துல கட்டிய முத்துறதுக்கு முன்னாடியே புடிச்சது ஜாஸ்தி. சின்ன வயசுல மார்புத் திசு அடர்த்தியா இருக்கும், மேமோகிராம் படத்துல திசுவும் வெள்ளை கட்டியும் வெள்ளை, அதனால மெஷினும் சில நேரம் கோட்டை விட்ரும்.

சரி, அன்னிக்கு நான்தான் மொதல்ல போனேன். கதவுல தாழ்ப்பா இல்ல, நர்ஸம்மா ஒரு ஸ்டூல இழுத்து கதவுக்கு முட்டுக்குடுத்தாங்க (தாழ்ப்பா என்ன வெலை வரும், நூறு ரூவா?). ஒரு கைய தலைக்கு மேல தூக்கச் சொல்லி மூணு விரலோட அடிப்பக்கத்த வச்சு சின்னச் சின்ன வட்டமா, மொதல்ல லேசா அப்புறம் அழுத்தி, கழுத்தெலும்புலேருந்து அக்குள் வரைக்கும் ஒரு எடம் விடல. அஞ்சு நிமிஷம்கூட ஆவல.

கட்டி இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்களாம். அது எங்க ஊர்லேருந்து ரெண்டு பஸ்சு, ஒருநாள் கூலி போச்சு, தொணைக்கு வர்றவங்க கூலியும் போச்சு, அந்தச் சீட்டு அப்படியே அரிசி டப்பாக்குள்ள போயிரும். எனக்கென்னவோ மெஷின் வாங்குறத விட இந்த பஸ்சுக்கு ஒரு வழி பண்றதுதான் அவசரம்னு தோணுது. அப்புறம் நம்ம அரசாங்கக் கணக்குல அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் பரிசோதனை, மும்பைல ரெண்டு வருஷம், அதையும் யோசிக்கலாம்.

நான் வெளிய வந்ததும் அத்தை பைய என் மடில போட்டுட்டு ஒண்ணும் பேசாம உள்ள போனாங்க. உள்ளேருந்து ஸ்டூல் இழுக்குற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் 'ஏம்மா, கை இப்புடி ஜில்லுனு இருக்கு'ன்னு அத்தை குரல்.