எண்ணும் பெயரும் எண்ணாப் பெயரும்: ஓர் ஆங்கில வகுப்பின் நினைவு

எங்கள் ஆங்கில ஆசிரியர், எண்ணக்கூடிய பெயர்ச்சொற்களையும் எண்ணமுடியாத பெயர்ச்சொற்களையும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவர் அல்லர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நாங்கள் தமிழ் இலக்கணத்தில் ஏற்கனவே படித்திருந்த அளவைகளிலிருந்து தொடங்கினார். எண்ணி அறிவனவற்றுக்கு 'மெனி', 'ஃபியூ' என்பனவும், நிறுத்தோ முகந்தோ அறியும் மணல், நீர் முதலியவற்றுக்கு 'மச்', 'லிட்டில்' என்பனவும் வரும் என்ற விதி விரைவிலேயே எங்களுக்குப் பிடிபட்டது.

அவர் நெடுநேரம் விளக்கியது அதற்கு அடுத்த பகுதியைத்தான். மேசை, நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்; ஆயினும் அவற்றைத் தொகுத்துச் சுட்டும் 'ஃபர்னிச்சர்' பன்மை விகுதி ஏற்பதில்லை. தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் இயல்பாகவே சொல்லிப் பழகியவர்கள் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுத நேர்வது இதனால்தான். எண்ணிக்கை வேண்டுமாயின் அச்சொற்களுக்கு முன் 'பீஸ் ஆஃப்' என்ற தொடரைச் சேர்க்க வேண்டும். 'நியூஸ்' என்பதோ பன்மைபோல் ஒலித்தும் ஒருமை வினையையே கொள்ளும்.

இந்த இடத்தில் அவர் நன்னூல் கூறும் பால்பகா அஃறிணைப் பெயரை எடுத்துக்காட்டியது, என் கருத்தில், அந்தப் பாடத்தின் உச்சம். 'யானை வந்தது', 'யானை வந்தன' என்னும்போது பெயர் மாறாமல் நிற்க, வினையே ஒருமை பன்மையை உணர்த்துகிறது. ஆங்கிலத்திலோ எண்ணக்கூடிய பெயர் பெரும்பாலும் தானே எண்ணைக் காட்டியாக வேண்டும். ஒருமையாயின் 'அ' (a), 'த' (the) போன்ற ஒரு சொல்லின் துணையின்றித் தனித்து நிற்பதும் அரிது. தமிழ் மாணவர் தடுமாறும் இடம் எதுவென்று அறிந்தே அவர் இரு மொழிகளையும் அருகருகே வைத்தார்.

ஒரே சொல் இரு வகையிலும் வருவதையும் அவர் விட்டுவிடவில்லை. 'ஹேர்' என்பது தலைமுடி முழுவதையும் குறிக்கையில் எண்ணமுடியாதது. உதிர்ந்த ஓர் இழையைக் குறிக்கையில் எண்ணக்கூடியது. 'பேப்பர்' எழுதுபொருளாகும்போது ஒரு வகை, செய்தித்தாளாகவோ தேர்வு வினாத்தாளாகவோ ஆகும்போது இன்னொரு வகை. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பதும் அவ்வாறே: தொழிலில் சேரும் பட்டறிவுக்குப் பன்மை இல்லை, வாழ்வில் நேரும் தனித்தனி அனுபவங்களுக்கு உண்டு. ஆகவே பயில்வோருக்கான அகராதிகளில் எண்ணக்கூடியதைச் சுட்டும் 'சி' (C), எண்ணமுடியாததைச் சுட்டும் 'யூ' (U) என்னும் குறியீடுகளைச் சொல்லுக்கு ஒருமுறை மட்டும் பாராமல் பொருளுக்குப் பொருள் பார்க்கப் பழக்கினார். அலுவலக அறிக்கைகளில் 'எக்விப்மென்ட்', 'சாஃப்ட்வேர்', 'எவிடென்ஸ்' ஆகிய சொற்களை எழுதும்போது அந்தப் பழக்கம் இன்றும் எனக்குத் துணைசெய்கிறது.