ஜூன் ஸ்கேன் வரை

ஏப்ரல் 27
வலது செருப்பு தெருவிலேயே கழன்றிருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 28
ராத்திரி குளித்ததும் பாதத்தில் உணர்வு திரும்பிவிட்டது. அப்போ வெயில்தான். எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், உடம்பே தன் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பழைய பாதிப்பு தலைகாட்டும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் புதுத் தாக்குதல் என்று கணக்கு. அம்மாவிடம் சொன்னேன். "கணக்கு கிடக்கட்டும், இப்போ கால் எப்படி இருக்கு?" என்றாள்.

மே 4
அக்னி நட்சத்திரம். மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை. தாக்குதலைக் குறைக்க நான் போடும் இன்டர்ஃபெரான் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜை யாரையும் திறக்க விடவில்லை.

மே 5
இடது தொடையில் ஊசி. குளிர் காய்ச்சல். பாராசிட்டமால்.

மே 9
தூக்கம் இல்லை. மறுபடி ரியோ மதிப்பெண், ஊசி வேலை செய்கிறதா என்று கணிப்பது. 2009-ல் பார்சிலோனாவில் ரியோ குழு போட்ட கணக்கு, 2013-ல் சொர்மானி குழு அதை எளிமையாக்கியது. இன்டர்ஃபெரான் தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு தாக்குதல் என்றால் ஒன்று, அதற்கு மேல் என்றால் இரண்டு. எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு நாலைத் தாண்டினால் இன்னொன்று. கூட்டினால் இரண்டோ மூன்றோ வருகிறவர்களுக்குத்தான் மருந்து கைவிடும் ஆபத்து அதிகம். டிசம்பரில் கண் மங்கியதால் எனக்கு ஏற்கெனவே ஒன்று. நாலு தழும்பு என்றால் அதோடு நிற்கும், ஐந்து என்றால் இரண்டு. அதிலும் ஊசி பிடிக்கும் முன்பே வந்த தழும்பு எது, பிறகு வந்தது எது? சில மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து அதை அடிப்படையாக வைக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது பார்த்த இடத்தில் யாரும் எழுதித் தரவில்லை. கேட்டதற்கு, தேவையில்லை என்றார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

மே 10
நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்வார்கள். எனக்கு என்று யார் சொல்வது?

மே 14
புது டாக்டர். 25 அடி நடக்கவிட்டு நேரம் பார்த்தார். ஒன்பது துளையில் குச்சி செருகும்போது வலது கையிலிருந்து ஒன்று உருண்டு மேஜைக்கடியில் போய்விட்டது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். "மார்க்கை மட்டும் பார்த்து மருந்தை மாத்த மாட்டேன்மா. ஜூன்ல மூளையோட சேர்த்து தண்டுவடத்தையும் ஸ்கேன் எடுப்போம்." ஊசியை முறிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கலாமாம். ரிடுக்சிமாப் என்ற வேறொரு மருந்தின் பேரையும் சொன்னார். நிம்மதியாக வீடு வந்தேன்.

மே 16
காலையிலிருந்து பாதம். குளித்தாயிற்று, ஏசியும் போட்டாயிற்று.

மே 17
24 மணி தாண்டிவிட்டது. காய்ச்சல் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், ரிசல்ட் சாயங்காலம். தொற்று இருக்க வேண்டும் முருகா.